ஈயச்சொம்பும் கடைசிப் பாராவும்

என் மூஞ்சிக்கு யாரோ சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

சாலை என்றே பெயர் கொண்ட பஜாரில் சிவதாணு அண்ணாச்சியின் பாத்திரக்கடை. கல்லாவுக்கு மேலே சாமி படங்கள் வரிசையாக இருக்கும். அந்த வரிசையில் புதிதாக ஒரு கண்ணாடிச் சட்டம், அதற்குள் ஒரு பத்திரிகைப் பக்கம், பக்கத்தின் மூலையில் தபால்தலை அளவுக்கு என் போட்டோ. நெற்றிக்கு நேராகக் கண்ணாடி மேலேயே பொட்டு வைத்திருந்தார்கள். உயிரோடு இருக்கிறவளுக்கு ஒரு சீரியல் பல்பு மட்டும்தான் பாக்கி.

பொங்காலைக்கு, ஊர்ப் பெண்கள் எல்லாம் தெருவில் பானை வைத்து அம்மனுக்குப் பொங்கலிடுகிற திருவிழாவுக்கு, முந்தின வாரம் அது. சாலையில் கால் வைக்க இடமில்லை. மண்பானைகளைக் கடைவாசல் தாண்டி ரோட்டில் பாதிவரை அடுக்கியிருந்தார்கள். வைக்கோலும் காயமும் வத்தலும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. ஒரு பானையும் சிரட்டைக் கரண்டியும் வாங்கிக்கொண்டு திரும்பலாம் என்றுதான் போனேன். அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.

"பாத்தியளா டீச்சரம்மா? நம்ம கடைக்கு இப்போ நீங்கதான் ஐஸ்வரியம். அந்தப் பேப்பரை மாட்டின நாள்ல இருந்து ஈயச்சொம்பு நிக்க மாட்டேங்கு. வாறவங்க எல்லாம் டீச்சர் எழுதின சொம்பு இருக்கான்னுதான் கேக்காங்க."

நாஞ்சில் நாட்டிலிருந்து அப்பா காலத்தில் இந்த மலையாள ஊருக்கு வந்து கடை போட்ட குடும்பம் அவருடையது. நல்ல மனுஷர். அதனால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, அந்தப் பக்கத்தைப் படித்தேன். என் கட்டுரை அச்சில் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தும் எனக்கு இலவசப் பிரதி வந்து சேரவில்லை. சாமி படங்களுக்கு நடுவில்தான் முதல் தரிசனம்.

தலைப்பு: 'ஈயச்சொம்பு ரசம்: முன்னோர் கண்ட மருந்து'. மருந்து என்று நான் எழுதவே இல்லை. சரி, தலைப்பு அவர்கள் இஷ்டம் என்று மேலே படித்தேன். வரி வரியாக என் எழுத்துதான். கடைசிக்கு வந்தால், கடைசிப் பாராவைக் காணோம். அது இருக்க வேண்டிய இடத்தில் நுரைக்கு நடுவே ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. கெமிக்கல் துளியும் இல்லாத பேபி சோப்.

"உங்க தெருவுக்கே ஒண்ணு போயிருக்குல்லா" என்றார் அண்ணாச்சி. "விசாலம் மாமி வந்து ஒவ்வொண்ணா கையில தூக்கித் தூக்கிப் பாத்து, இருக்கதுலயே கனமானதா எடுத்துட்டுப் போனா. மருமக முழுகாம இருக்காளாமே. அவளுக்கு தினமும் இதுலதான் ரசம் வச்சுக் குடுக்கணும்னு சொன்னா."

அந்த மருமகள் வித்யா. பூனாவில் இருக்கும் என் தங்கையின் பெண். அப்போது ஆறாவது மாதம்.

பானையை அங்கேயே வைத்துவிட்டு ஆட்டோவில் ஏறினேன்.

உருகுகிற சொம்பு

போன வாரம் இந்தப் பக்கத்துக்கு ஒரு வாசகி எழுதியிருந்தார்: வேறு பத்திரிகையில் அவ்வளவு ஆசையாகக் கெமிஸ்ட்ரி எழுதிக்கொண்டிருந்தவர் அந்தத் தொடரை ஏன் ஒரே நாளில் விட்டீர்கள் என்று. இதுதான் பதில். நிதானமாகச் சொல்லத்தான் பார்க்கிறேன். எனக்கு வராது.

ஈயச்சொம்பு தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் அக்ரகாரத்து வீடுகளில் ரசத்துக்கென்றே ஒரு சொம்பு உண்டு. வெள்ளீயத்தில் வார்த்தது, கல்யாணச் சீரில் வரும். புளித்தண்ணி, பொடி, பெருங்காயம் எல்லாம் அதிலேயே கொதித்து நுரைத்து வரும்போது இறக்க வேண்டும். உள்ளே தண்ணி இருக்கிறவரை சொம்புக்கு ஒன்றும் ஆகாது. காலியாக அடுப்பில் ஏற்றினால் போச்சு, அடி உருகி பர்னரில் வழிந்துவிடும். எங்கள் வலியசாலைத் தெருவுக்குக் கல்யாணமாகி வந்தவர்களில் ஒரு சொம்பாவது உருக்காதவளை நான் பார்த்ததில்லை. நானும் உருக்கியிருக்கிறேன், அதுவும் கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்ஸி. வாங்கின பிறகு.

வெள்ளீயம் சாது. புளிக்கும் அதற்கும் பெரிய சண்டை கிடையாது. ஆனால் விலை ஜாஸ்தி. காரீயம் மலிவு, கனம், வார்க்கவும் சுலபம். இரண்டையும் உருக்கிக் கலந்து சொம்பு செய்தால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

கொதிக்கிற புளித்தண்ணி அந்தக் காரீயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்ளும். ரசத்தின் ருசி மாறாது, நிறம் மாறாது. உடம்பு அதைச் சுண்ணாம்புச் சத்து என்று நம்பி எலும்பில் வாங்கி வைத்துக்கொள்ளும். வயிற்றில் குழந்தை இருந்தால் அதற்கும் பங்கு போகும், அதுவும் மூளை உருவாகிற நேரத்தில்.

இதைத்தான் கடைசிப் பாராவில் எழுதியிருந்தேன். நாலே வரி. அந்த நாலு வரியை எடுத்துவிட்டுத்தான் கெமிக்கல் இல்லாத சோப்புக்கு இடம் கொடுத்திருந்தார்கள். எண்ணெயும் சோடாக் காரமும் சேராமல் எந்த ஊரில் சோப்பு உண்டாகிறது என்று எனக்குத் தெரியவில்லை. கெமிக்கல் இல்லாதது என்று போட்டால் விற்கிறது. கெமிக்கலைப் பற்றி எழுதினால் வெட்டுகிறார்கள்.

விசாலத்துக்காக எழுதினது

ஆட்டோ கிள்ளிப்பாலத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. முன்னும் பின்னும் தலையில் பானையோடு பெண்கள். டிரைவர் வண்டியை அணைத்துவிட்டு, "பொங்காலையல்லே சேச்சி, பதுக்கே போகாம்" என்று நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். மெதுவாகப் போகலாமாம். எனக்கு உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது.

பொது ஜனங்களுக்குக் கெமிஸ்ட்ரி எழுதுவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. காலேஜில் இங்கிலீஷில் பாடம் எடுப்பேன், பிள்ளைகளுக்குப் புரியாவிட்டால் மலையாளத்தில் சொல்வேன். தமிழில் எழுதச் சொல்லி சென்னையிலிருந்து அந்த வாரப் பத்திரிகை கேட்டபோது நான் ரிட்டயர் ஆகிவிட்டேன். சமையலறையில் நடக்கிற வேதியியலைப் பற்றி எழுதுங்கள், ஃபார்முலா மட்டும் வேண்டாம் என்றார்கள். ஃபார்முலாவைப் பார்த்தால் வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுவாராம்.

சரி என்று நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். எழுதி முடித்ததும் விசாலம் படிக்கிற மாதிரி நினைத்துக்கொண்டு ஒருதடவை வாசிப்பேன்.

விசாலமும் நானும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. பத்தாவதோடு அவளை நிறுத்திவிட்டார்கள். கல்யாணமும் இதே தெருவில் ஆயிற்று. என் தங்கை பெண்ணை அவள் பிள்ளைக்குப் பார்த்ததும் நான்தான். அவளிடம் ஒரு குணம், எதைச் சொன்னாலும் "அது ஏண்டீ அப்படி?" என்று ஒரு கேள்வி போடுவாள். பதில் சொல்லாமல் நகர விடமாட்டாள்.

'அயனி' என்று எழுதுவேன். மனசுக்குள் விசாலத்தின் மூஞ்சி சுருங்கும். அடித்துவிட்டு, புளி பட்டதும் பித்தளையின் அழுக்கு எப்படிக் கரைந்து தண்ணியோடு போகிறது என்று அவள் விளக்குத் தேய்க்கிற தினுசிலேயே எழுதுவேன். விசாலத்துக்குப் புரிந்தால் மதுரைக்காரிக்கும் புரியும், மலேசியாக்காரிக்கும் புரியும். அப்படித்தான் அந்தத் தொடர் ஓடியது.

ஈயச்சொம்புக் கட்டுரையை நான் ஆரம்பித்தது ஒரு சத்தத்துக்காக. சுத்த வெள்ளீயக் கம்பியைக் காதோரம் வைத்து வளைத்தால் முறுக்கு கடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். உள்ளே இருக்கும் படிகங்கள் சட்டென்று புரண்டு கொடுக்கிற சத்தம் அது. எங்கள் லேபில் முதல்முறை கேட்டபோது எனக்குப் பல் கூசியது. உடனே இன்னொரு தடவை வளைத்துப் பார்த்தேன். அந்த ஆசையை எப்படியாவது எழுத்தில் கொண்டுவர வேண்டும் என்று எழுதினேன்.

எழுதி அனுப்பும்போதெல்லாம் அந்தப் பத்திரிகையில் பக்கம் பார்க்கிற தம்பி ஒன்றையே சொல்வார். "பயமுறுத்தாதீங்க டீச்சர், பெருமையா முடிங்க." நான் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவேன்.

"உள்ளே வராதே"

விசாலத்தின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வாசனை வந்துவிட்டது. மிளகும் சீரகமும் பெருங்காயமும் நெய்யில் பொரிந்த கடுகும். தெருவுக்கே வருகிற மாதிரி ரசம் வைப்பாள். அன்றைக்கு அந்த வாசனையே என் கோபத்தை ஏற்றியது.

"விசாலம், அந்த ரசத்தைக் கொட்டு" என்று கூடத்தில் நின்று கத்தினேன்.

"எந்தாக்கும்? வந்ததும் வராததுமா." அடுக்களையிலிருந்து குரல். "உள்ளே வராதே, கேட்டியா. சாலைக்குப் போயிட்டு வந்த புடவை. நான் மடியா இருக்கேன். அங்கேயே நில்லு."

அவள் வீட்டில் இன்னும் அந்த மடி ஆசாரம் உண்டு. குளித்து மடி உடுத்திக்கொண்டு சமைக்கிற நேரத்தில் வெளியே போய் வந்தவர்கள் அடுக்களைக்குள் கால் வைக்கக் கூடாது, பாத்திரத்தைத் தொடக் கூடாது. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. அவள் வீடு, அவள் அடுக்களை. வாசல்படியில் நின்றேன். அடுப்புக்குப் பக்கத்தில் அந்தச் சொம்பு, புதுக்கருக்கு அழியாமல் பளபளவென்று இருந்தது.

கலப்படத்தைச் சொன்னேன், காரீயத்தைச் சொன்னேன், கடைசிப் பாராவைச் சொன்னேன். விசாலம் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரியில் இருந்த அந்தப் பத்திரிகையை எடுத்துப் பிரித்துக் காட்டினாள்.

"இதோ இருக்கு. நீ எழுதினது, உன் போட்டோ போட்டிருக்கா. நான் அச்சுல வந்ததை நம்பறதா, இப்போ நீ நின்னுண்டு கத்தறதை நம்பறதா?"

"நான் எழுதினதை வெட்டிட்டாண்டீ."

"வெட்டினது போகட்டும். மிச்சம் இருக்கறது நீ எழுதினதுதானே? அது பொய்யா?"

பொய் இல்லைதான். ஒவ்வொரு வரியும் சரி. முழுசும் சேர்ந்து என் தங்கை பெண்ணுக்கு விஷம் கொடுத்துக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டு வித்யா லேப்டாப்பை மூடிவிட்டு வந்தாள். வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறவள். "என்னாச்சு பெரியம்மா? நான் தினம் ரெண்டு கிளாஸ் குடிக்கறேனே." அவள் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. "அம்மா, ஒரு மாசம் ஆயில்லே இதுல வைக்கத் தொடங்கிட்டு?"

"நீ பேசாம இரு. பெரியம்மாக்கு சாலை வெயில் தலைக்கு ஏறியிருக்கு" என்றாள் விசாலம். குரலில் மட்டும் முன்னிருந்த உறுதி இல்லை.

கீழிருந்து வெட்டுவது

தெருவுக்கு இறங்கி சென்னைக்குப் போன் போட்டேன். அச்சில் வந்ததை அச்சால்தான் அழிக்க முடியும் என்றால் அச்சிலேயே வரட்டும்.

"டீச்சர், சொல்லுங்க. அந்த ஆர்டிகிள் செம ஹிட்" என்றார் தம்பி.

"கடைசிப் பாரா எங்கேப்பா?"

"அதுவா? கடைசி நிமிஷத்துல ஒரு ஆட் வந்துச்சு டீச்சர். இடம் பத்தலைன்னா கீழேருந்துதான் வெட்டுவோம். எல்லாருக்கும் அப்படித்தான். முக்கியமானதெல்லாம் மேலேயே வந்துடும்ல."

"அதுல விஷம்னு எழுதியிருந்தேன். படிச்சீங்களா?"

"படிச்சேன் டீச்சர். கொஞ்சம் நெகடிவ்வா இருந்துச்சு. சரி, போனா பரவாயில்லன்னு விட்டுட்டேன்."

பரவாயில்லை. இந்த ஒரு சொல்லை இப்போது நினைத்தாலும் எனக்குக் காது சுடுகிறது.

நான் ஏன் எச்சரிக்கையைக் கடைசியில் எழுதினேன் என்று நீங்கள் கேட்கலாம். கெமிஸ்ட்ரி படித்தவர்கள் கேட்க மாட்டார்கள். லேப் ரெக்கார்டில் நோக்கம், கருவிகள், செய்முறை, கண்டது, முடிவு என்று வரிசையாக வந்து, முன்னெச்சரிக்கை கடைசியில்தான் வரும். ஆயிரம் ரெக்கார்டு நோட்டில் அந்தக் கடைசித் தலைப்புக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். அது இல்லாத நோட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எங்கள் ஊரில் கடைசியில் வருவது விட்டுப்போகவே கூடாதது. பத்திரிகை ஊரில் கடைசியில் வருவது வெட்டுவதற்கு வைத்திருப்பது. இதை எனக்கு ஒருத்தராவது முன்கூட்டிச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"அடுத்த இதழ்ல திருத்தம் போடுங்க" என்றேன். "அதே அளவுல, அதே பக்கத்துல."

"திருத்தம்னு போட்டா நாம தப்புப் பண்ண மாதிரி ஆயிடும் டீச்சர். வாசகர் கடிதத்துல ரெண்டு வரி, அடுத்த மாசம் ட்ரை பண்றேன். இந்த வாரம் பொங்காலை ஸ்பெஷல். வெண்கலப் பானையைப் பத்தி பெருமையா ஒண்ணு எழுதித் தாங்களேன்."

அந்தத் தொடர் அந்த இடத்தில் முடிந்தது. என்ன சொல்லிப் போனை வைத்தேன் என்பதை இங்கே எழுத முடியாது. தெருவில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

தொடாமல் செய்தது

திரும்ப உள்ளே போனேன். வித்யா சாப்பாட்டு மேஜையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் கேக் செய்வதற்கு மாவு நிறுக்கிற சின்னத் தராசு இருந்தது, எண் காட்டுகிற தினுசு. அதைப் பார்த்ததும் எனக்கு வழி தெரிந்தது.

"விசாலம், நான் எதையும் தொடலை. இந்தப் படியைத் தாண்டலை. நான் சொல்றதை நீ உன் கையாலயே பண்ணிப் பாரு. அப்புறம் உன் இஷ்டம்."

வித்யா தராசைத் தண்ணீர் தெளித்துத் துடைத்து உள்ளே நீட்டினாள். விசாலம் முறைத்துக்கொண்டே ரசத்தை வேறு பாத்திரத்தில் சாய்த்து, சொம்பைக் கழுவித் துடைத்து வைத்தாள். எண்ணூற்று எண்பது கிராம்.

"நல்ல கனம்" என்றாள் பெருமையாக.

அடுத்து ஒரு அகலப் பாத்திரத்தில் தண்ணி நிரப்பித் தராசில் வைத்து, பொத்தானை அமுக்கி எண்ணைப் பூஜ்யமாக்கச் சொன்னேன். பூத்தொடுக்கிற நூலை நாலாக மடித்து சொம்பின் கழுத்தில் கட்டச் சொன்னேன். கையில் பிடித்தபடியே தண்ணிக்குள் முழுக்க இறக்க வேண்டும், சாய்த்து உள்ளே இருக்கிற காற்றை விட வேண்டும், அடியிலோ பக்கத்திலோ இடிக்கக் கூடாது. அவள் இறக்கினாள். தராசில் எண் ஏறி நின்றது. தொண்ணூற்றொன்பது.

"சொம்பு என் கையிலன்னா தொங்கறது. தராசு எப்படி ஏறித்து? அது ஏண்டீ அப்படி?"

இத்தனை வருஷமாக என் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை அவள் நிஜமாகவே கேட்டாள்.

"சொம்பு உள்ளே போனா தண்ணி எடம் விட்டுக் குடுக்கணுமோல்லியோ? அது எவ்வளவு தண்ணியோட எடத்தைப் புடிச்சுண்டதோ, அந்தத் தண்ணியோட கனம் இது. நல்ல வெள்ளீயமா இருந்தா நூத்திருபது காட்டணும்."

"நூத்திருபதுன்னு யார் சொன்னா? நீ சொல்றே. உனக்கு வேண்டியதை நீ சொல்லுவே."

அவள் கேட்டது நியாயம். என் வாயில் வருகிற எண்ணை அவள் ஏன் நம்ப வேண்டும்? விசாலம் சொம்பைத் தண்ணியிலிருந்து வெளியே எடுத்தாள். பிறகு, "வித்யா, பரண்ல என் கல்யாணச் சொம்பு இருக்கு. எதிராத்துப் பையனைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லு. நீ ஏறப்படாது" என்றாள்.

அந்தச் சொம்பை எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அவள் உருக்கினது. அடியில் நாலணா அளவுக்கு ஓட்டை. அவள் அப்பா வாங்கிக் கொடுத்தது என்று தூக்கிப் போட மனசு வராமல் வைத்திருந்தாள். தூசியைக் கழுவி நிறுத்தாள். எழுநூற்று அறுபது. நூலில் கட்டி முக்கினாள். நூற்று நாலு.

மறுபடி புதுசை முக்கினாள். மறுபடி பழசை.

"பழசு கனம் கம்மி" என்றாள் மெதுவாக. "ஆனா புடிக்கற எடம் ஜாஸ்தி. புதுசு கனம் ஜாஸ்தி, எடம் கம்மி." இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "அப்போ ரெண்டும் ஒண்ணில்லை. இதுக்குள்ள வேற என்னமோ கனமா இருக்கு."

"ஆமாம்."

"நான்தாண்டீ தூக்கிப் பாத்துக் கனமானதா எடுத்தேன். பித்தளைன்னாலும் வெண்கலம்னாலும் அப்படித்தானே வாங்குவோம்? அம்மா வாங்கினா, நானும் வாங்கினேன்." அவள் வாய் கோணியது. "வரிசையில இருந்ததுலயே பொல்லாததைன்னா பொறுக்கி எடுத்துண்டு வந்திருக்கேன்."

வித்யா அழ ஆரம்பித்தாள். விசாலம் ரசத்தை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் கொட்டினாள். பிறகு மடிப் புடவையோடு வெளியே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். சாலைப் புடவையை அவள் தொட்டாள். "நடடீ. டாக்டர்கிட்ட போயிட்டு அப்படியே அண்ணாச்சிகிட்டயும் போலாம். நான் அப்புறம் குளிச்சுக்கறேன்."

அச்சில் கொண்டுவாருங்கள்

டாக்டர் ரத்தம் எடுத்தார். பதில் வர ஒரு வாரம் ஆயிற்று. இருக்கக் கூடாத அளவுக்குக் காரீயம் இருந்தது. நல்லவேளை சீக்கிரம் நிறுத்தினீர்கள், இரும்பும் கால்ஷியமும் எழுதித் தருகிறேன், திரும்பத் திரும்ப டெஸ்ட் பார்ப்போம் என்றார். நல்லவேளையாம். அச்சடித்துக் கொடுத்த மருந்துக்கு ஒரு நல்லவேளை.

அண்ணாச்சி கடையில் விசாலம் இரண்டு சொம்பையும் கல்லா மேல் வைத்தாள். "முழுகாம இருக்கறவளுக்குன்னு சொல்லித்தானே வாங்கினேன்?"

அவருக்கு மூஞ்சி செத்துவிட்டது. "சத்தியமா எனக்குத் தெரியாது மாமி. சரக்கு மொத்தமா வருது. கனமா இருந்துச்சு, நல்ல சரக்குன்னு நினைச்சேன். எம் பொண்ணுக்கும் ஒண்ணு குடுத்துவிட்டுருக்கேனே." அப்போதே மகளுக்குப் போன் போட்டார். அன்றைக்கே ஈயச்சொம்பு எல்லாவற்றையும் அலமாரியிலிருந்து இறக்கினார். அவர் மேல் எனக்கு இருந்த கோபம் அங்கே போயிற்று.

சட்டத்தை என்ன செய்வது என்று கேட்டார். வெட்டின பாராவை ஒரு வெள்ளைத்தாளில் கையால் எழுதி, அந்தக் குழந்தையின் சிரிப்பை மறைத்து ஒட்டிவிட்டு வந்தேன்.

பொங்காலை முடிந்து ஒருநாள் போனால் தாள் இல்லை.

"யாரோ கிழிச்சுட்டாங்க டீச்சரம்மா" என்றார். "கையால எழுதி ஒட்டினதை எவன் நம்புதான்? பொறாமையில பக்கத்துக் கடைக்காரன் ஒட்டினதும்பாங்க. உங்க பேப்பரை இப்போ நாலு கடையில ஜெராக்ஸ் எடுத்து மாட்டியிருக்காங்க, தெரியுமா? என்கிட்ட சொம்பு இல்லைன்னா அங்கே போய் வாங்குதாங்க. நீங்க அந்தக் கடைசி பாராவை அச்சுல கொண்டுவாங்க. அதையும் சட்டம் போட்டு மாட்டுதேன்."

வித்யாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நன்றாகத்தான் இருக்கிறாள், நல்ல அழுகை, நல்ல பசி. ஆனால் அவள் குப்புற விழ நாலு நாள் தாமதமானாலும், கூப்பிட்டால் உடனே திரும்பாவிட்டாலும், வித்யா என் மூஞ்சியைப் பார்க்கிறாள். பெரியம்மா, இது அதனாலயா? அவளுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. யாராலும் முடியாது. அந்தப் பார்வையை 'பரவாயில்லை' என்று சொன்னவரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

அதனால் இந்தத் தொடரை வெளியிடுகிற ஆசிரியரிடம் ஒன்றே ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டேன். இந்த வாரம் விளம்பரம் வந்தால் மேலிருந்து வெட்டுங்கள். என் நெற்றியில் சந்தனம் வைத்தது போகட்டும், வெள்ளீயக் கம்பியின் சத்தம் போகட்டும், என் கோபம் முழுக்கப் போகட்டும். கீழே கை வைக்கக் கூடாது. அன்றைக்கு வெட்டுப்பட்ட நாலு வரியோடு, விசாலம் கையால் செய்து பார்த்ததையும் சேர்த்திருக்கிறேன். அண்ணாச்சி, கத்திரிக்கோலை எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு அடுத்த பாராவை மட்டும் வெட்டி மாட்டினால் போதும்.

ஈயச்சொம்பு வாங்கும்போது தூக்கிப் பார்த்துக் கனமானதைப் பொறுக்காதீர்கள். வெள்ளீயத்தோடு காரீயம் கலந்தால் கனம் கூடும். காரீயம் விஷம், கொதிக்கிற புளித்தண்ணியில் அது இறங்கும், ருசியில் தெரியாது. சொம்பை நிறுத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, சொம்பை நூலில் கட்டி, காற்று இல்லாமல், அடியில் தொடாமல், முழுக்க முக்கிப் பிடியுங்கள். முதல் எண்ணை இந்த எண்ணால் வகுத்தால் ஏழேகாலை ஒட்டி வர வேண்டும். அதைத் தாண்டி ஏழரைப் பக்கம் போனாலே அந்தச் சொம்பில் சமைக்காதீர்கள். ஏழேகாலே வந்தாலும் கொஞ்சம் கலப்பு இருக்கலாம், லேபில் கொடுத்தால்தான் நிச்சயமாகத் தெரியும். அதுவரைக்கும், வீட்டில் பிள்ளைத்தாச்சியோ குழந்தையோ இருந்தால், ரசத்தை எவர்சில்வரில் வையுங்கள். ருசி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.